நோஞ்சான் நடத்திய அராஜகம்

ஸ்குவாஷ் விளையாட்டுக்குப் பூர்வீகம் லண்டன் ஜெயில். அதுவும் கொலை, கொள்ளை என்று பெரிய அளவில் தொழில் நடத்தியவர்கள் இருந்த ஜெயில் இல்லை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காத கனவான்களைப் போட்டுவைத்த ஃப்ளீட் ஜெயில். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே இருந்தவர்களிடம் பணம் இல்லை. நேரம் இருந்தது, நாலு பக்கமும் சுவர் இருந்தது. சுவரில் பந்தை அடித்தார்கள். வந்த பந்தை மறுபடி அடித்தார்கள். ராக்கெட்ஸ் என்று அதற்குப் பெயர்.

அது எப்படியோ தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்து, ஹாரோ என்ற பணக்காரப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே பையன்கள் ஓட்டை விழுந்து சப்பிப்போன ரப்பர் பந்தை வைத்து ஆடிப் பார்த்தார்கள். ஒழுங்கான பந்து தானாகவே திரும்பி வரும். சப்பிப்போன பந்து வராது. நாம்தான் ஓடிப்போய்க் குனிந்து எடுக்க வேண்டும். இதில் கஷ்டம் அதிகம் என்று தெரிந்ததும், ஆங்கிலேயர்கள் இதுதான் நல்ல விளையாட்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்றைக்கும் ஸ்குவாஷ் பந்து அப்படித்தான். அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் எழும்பும். ஆறிப்போனால் தரையோடு படுத்துவிடும்.

பிறகு பிரிட்டிஷ் ராணுவம் போன இடமெல்லாம் கிளப், விஸ்கி, பேரர் ஆகியவற்றோடு ஸ்குவாஷ் கோர்ட்டும் போனது. பெஷாவருக்கும் போனது. அங்கே கோர்ட்டுக்குக் கூரை கிடையாது. துரை கொஞ்சம் உற்சாகமாக அடித்தால் பந்து சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். எடுத்துப் போட ஒரு பொடியன் தேவைப்பட்டான். கிளப்பின் தலைமைப் பரிசாரகர் அப்துல்லா கானுக்குப் பக்கத்து ஊரான நவாக்கிலிதான் சொந்த ஊர். அவருடைய மகன் ஹாஷிமுக்கு அந்த வேலை கிடைத்தது.

துரைமார்கள் வேர்த்துப்போய் கிளாஸைக் கையில் எடுத்ததும் ஹாஷிம் வெறுங்காலோடு கோர்ட்டில் இறங்குவான். எதிராளி கிடையாது. ஹாஷிமும் ஹாஷிமும் ஆடுவார்கள். யார் ஜெயித்தாலும் ஹாஷிம். இந்த ஏற்பாடு பின்னால் அந்தக் குடும்பத்துக்கே பழகிப்போய்விட்டது.

நான் சொல்ல வந்தது ஹாஷிமைப் பற்றி இல்லை, அதே கும்பலில் பின்னால் வந்த ஜஹாங்கீர் கானைப் பற்றி. ஆனால் பெரியவரைத் தாண்டிப் போக முடியாது.

1944இல் பம்பாயில் நடந்த அகில இந்தியப் போட்டியில் ஹாஷிம் ஜெயித்தார். தோற்றவர்களில் அப்துல் பாரி என்று ஒருவர், அவரும் சொந்தக்காரர்தான். பிரிவினைக்குப் பிறகு பாரி இந்தியாவில் தங்கிவிட்டார். 1950இல் இந்தியாவின் சார்பில் பிரிட்டிஷ் ஓப்பனுக்குப் போய் ஃபைனல் வரை ஆடிவிட்டார். இந்தச் செய்தி பெஷாவருக்கு வந்தபோது ஹாஷிம் எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நம்மிடம் உதை வாங்கியவன் லண்டனில் ஃபைனல் ஆடுகிறான், நாம் இங்கே விமானப்படை மெஸ்ஸில் அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பாகிஸ்தானுக்கும் அதே எரிச்சல், இன்னும் பெரிய அளவில். விமானப்படை முன்னால் நின்று 1951இல் ஹாஷிமை லண்டனுக்கு அனுப்பிவைத்தது.

அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். எவ்வளவு மேல் என்பது அவருக்கே தெரியாது. பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்கவில்லை. மற்றவர்கள் ராக்கெட்டை ஆணியில் மாட்டும் வயதில் இவர் முதல்முறையாக இங்கிலாந்து போகிறார். ஃபைனலில் எதிரில் எகிப்தின் மஹ்மூத் கரீம், நாலு முறை தொடர்ந்து ஜெயித்தவர். 9–5, 9–0, 9–0. முதல் கேமில் ஐந்து புள்ளி விட்டுக்கொடுத்தது விருந்தாளியின் மரியாதை என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் பிரிட்டிஷ் ஓப்பன் நவாக்கிலியின் பூர்வீகச் சொத்தாகிவிட்டது. ஹாஷிம் ஏழு தடவை. டென்னிஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த தம்பி ஆசமை இழுத்துவந்து ஸ்குவாஷ் கற்றுக்கொடுத்தார். தம்பி 1954, 55, 58 ஆகிய மூன்று ஃபைனல்களில் அண்ணனிடம் தோற்றார். அண்ணன் ஓய்ந்தாரோ இல்லையோ, 1959 முதல் தொடர்ந்து நாலு தடவை ஜெயித்தார். தம்பி இருந்தால் இப்படி இருக்க வேண்டும். 1963இல் மொஹிபுல்லா கான். ஆக 1951 முதல் 13 வருஷம் கோப்பை கான்களைத் தவிர வேறு யார் கைக்கும் போகவில்லை. நடுவில் 1957இல் மட்டும் ஹாஷிமை ஒருவர் தோற்கடித்தார். அவரும் கான்தான். ரோஷன் கான்.

அந்த ரோஷன் கானுக்குக் கராச்சியில் 1963 டிசம்பர் 10 அன்று ஒரு பையன் பிறந்தான். பிறக்கும்போதே குடலிறக்கம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, விளையாட்டு என்ற பேச்சே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆபரேஷன். மூத்தவர்கள் கோர்ட்டுக்குப் போக, இவன் வீட்டில். உலகத்திலேயே அதிகம் ஸ்குவாஷ் நடக்கும் குடும்பத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? கேட்கவில்லை. ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அண்ணன்தம்பிகளில் இவன்தான் நோஞ்சான் என்பதால் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவும் இல்லை.

1979இல் ஆஸ்திரேலியாவில் உலக அமெச்சூர் போட்டி. பாகிஸ்தான் தேர்வுக்குழு பையனைப் பார்த்தது. பதினைந்து வயது, ஒல்லி, போதாக்குறைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து எழுந்திருக்கிறான். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. தேர்வுக்குழுக்களுக்கு நாடு, மொழி, மதம் எதுவும் கிடையாது. எல்லா ஊரிலும் ஒரே ஜாதி. பையன் அணியில் இல்லாமல், தனிநபர் பிரிவில் பெயரைக் கொடுத்துவிட்டு மெல்பர்னில் இறங்கினான். ஃபைனலில் இங்கிலாந்தின் ஃபில் கென்யனை ஜெயித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அந்தப் பட்டத்தை அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. தேர்வுக்குழு என்ன சொன்னதென்று தெரிந்துகொள்ள ஆசைதான். திறமையை நாங்கள் அப்போதே கண்டுகொண்டோம் என்று சொல்லியிருப்பார்கள், வேறென்ன.

சிரித்துக்கொண்டே தாண்ட முடியாத ஒரு இடம் இங்கே வருகிறது. அந்த வெற்றிக்குப் பின் கொஞ்ச நாளில், 1979 நவம்பரில், அதே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆடிக்கொண்டிருந்தபோதே அண்ணன் டோர்சம் கான் மாரடைப்பில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. தம்பியை ஆட்டக்காரனாக்கியதில் பாதி அவருடைய கை. ஜஹாங்கீர் ராக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட இருந்தான். பெரியப்பா மகன் ரஹ்மத் கான்தான், தன் ஆட்டத்தை விட்டுவிட்டு, பையனை லண்டனில் தன்னிடம் வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்.

பயிற்சி என்று சொன்னால் சாதாரணமாகத் தோன்றும். காலையில் 9 மைல் ஓட்டம், அப்புறம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேக ஓட்டம், அப்புறம் எடை தூக்குவது, அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் நீச்சல். இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்குவாஷ். குடலிறக்கத்துக்கு மருந்து எழுதிக்கொடுத்த டாக்டர் இதைப் பார்த்திருந்தால் அவருக்கே ஒரு கட்டில் தேவைப்பட்டிருக்கும்.

1981 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஓப்பன் ஃபைனலில் ஜெஃப் ஹன்ட்டிடம் தோல்வி. ஹன்ட் ஆஸ்திரேலியர், இயந்திரம் மாதிரி ஓடுகிறவர், அது அவருக்கு எட்டாவது பட்டம், ஹாஷிமின் ஏழைத் தாண்டிய பட்டம். இந்தத் தோல்வியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்ததைப் பார்க்க ரொம்ப நாள் ஆகும்.

அதே வருஷம் நவம்பரில் டொரன்டோவில் உலக ஓப்பன். அண்ணன் போய் ஏறக்குறைய இரண்டு வருஷம். ஃபைனலில் அதே ஹன்ட். முதல் கேமை ஹன்ட் எடுத்தார். அடுத்த மூன்றில் அவருக்குக் கிடைத்தது ஐந்தே புள்ளி: 9–1, 9–2, 9–2. பதினேழு வயதில் உலக சாம்பியன். இனிமேலும் அவன், இவன் என்று எழுதினால் மரியாதை இல்லை. ஜஹாங்கீர் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த ஏப்ரல் தோல்விக்கு அப்புறம் ஐந்தரை வருஷம் நடந்ததை எழுதுவது கதாசிரியனுக்குப் பெரிய சோதனை. ஜெயித்தார். மறுபடி ஜெயித்தார். ஊர் மாறியது, எதிராளி மாறினார், ஜஹாங்கீர் ஜெயித்தார். 1982இல் ஒரு பெரிய போட்டியின் ஃபைனலில் மக்சூத் அகமது என்ற சக பாகிஸ்தானிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் ஜெயித்தார். ஒன்றுகூட! சர்வீஸ் பண்ணுகிறவருக்குத்தான் புள்ளி என்ற பழைய கணக்கில் இது நடக்கும். ஆனாலும் ஊர்க்காரருக்கு ஒன்றாவது போட்டிருக்கலாம்.

தொடர்ச்சியாக 555 ஆட்டம் என்பது ஊரெல்லாம் சொல்லும் கணக்கு. சிகரெட் பிராண்ட் மாதிரி வாகாக மூன்று ஐந்து வந்து உட்கார்ந்திருப்பதால் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? ஐந்நூற்று நாற்பதோ, அறுநூறோ, எதிரில் நின்று அடிவாங்கியவர்களுக்கு அந்த வித்தியாசத்தில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

உண்மையில் இந்தக் கதையில் சுவாரசியமான ஆட்கள் தோற்றவர்கள்தான். என் கட்சி எகிப்தின் ஜமால் அவாத்.

1983 மார்ச், இங்கிலாந்தின் சிச்செஸ்டர். அவாத் வேகக்காரர், கோர்ட்டில் எந்த மூலையில் பந்தைப் போட்டாலும் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். ஜஹாங்கீரை ஷாட் அடித்து ஜெயிக்க முடியாது, களைக்கவைத்துதான் ஜெயிக்க முடியும் என்று கணக்குப் போட்டார். கேட்பதற்கு நல்ல திட்டம். ஜஹாங்கீர் காலையில் எத்தனை மைல் ஓடுகிறார் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

ஸ்குவாஷ் கோர்ட் நீளம் 32 அடி, அகலம் 21 அடி. நடுவில் கோடுகள் சேரும் இடத்துக்கு டி என்று பெயர். அங்கே நிற்கிறவர் முதலாளி. மற்றவர் மூலைக்கு மூலை ஓடும் சிப்பந்தி. பந்தைப் பக்கச் சுவரை உரசிக்கொண்டே பின்மூலைக்கு அனுப்ப வேண்டும். சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிற பந்தை ராக்கெட்டால் சுரண்டித்தான் எடுக்க முடியும். எடுத்தார் அவாத். அதே சுவரோரமாகத் திருப்பியும் அனுப்பினார். ஜஹாங்கீரும் அனுப்பினார். இப்படியே இரண்டு பேரும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் கேம் முடிய 1 மணி 11 நிமிஷம். ஒரு கேம்! அதை ஜெயித்தவர் அவாத், 10–9.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டால் அவாத்துக்குச் சந்தோஷமான முடிவு. நிறுத்த மாட்டார்களே. அடுத்து 9–5, 9–7, கடைசியில் 9–2. மொத்தம் 2 மணி 46 நிமிஷம்; அதுவரை அவ்வளவு நீளமாக ஒரு ஆட்டம் நடந்ததில்லை. அந்தச் சாதனையை 2015 வரை யாரும் தொடவில்லை, தொட ஆசைப்படவும் இல்லை. ஜஹாங்கீரின் ஓட்டத்தை முறிக்கப் போனவரின் மனசு முறிந்தது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் ஓப்பன் ஃபைனலில் இருவரும் மறுபடி சந்தித்தபோது அவாத்துக்கு மூன்று கேமிலும் சேர்த்து எட்டுப் புள்ளி. அதற்கப்புறம் அவர் பழைய அவாத்தாக இல்லை என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

இவ்வளவும் போதவில்லை போலிருக்கிறது. அமெரிக்கர்கள் அப்போது தனியாக ஒரு ஸ்குவாஷ் வைத்திருந்தார்கள். கோர்ட் இன்னும் குறுகல், பந்து கெட்டி, அடி வேறு, கணக்கு வேறு. உலகம் முழுக்க ஒரு மாதிரி ஆடினால் நாங்கள் வேறு மாதிரி ஆடுவோம் என்பது அவர்களுடைய பொதுவான சுபாவம். அங்கே மார்க் டால்பட் என்பவர் நிம்மதியாக ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தார். 1983இல் ஜஹாங்கீர் அந்த ஆட்டத்துக்கும் வந்து சேர்ந்தார். 1986க்குள் ஆடிய பெரிய போட்டிகள் 13, ஜெயித்தது 12. டால்பட்டோடு 11 முறை மோதி 10 முறை வெற்றி. ஒரு முறை விட்டுக்கொடுத்தாரே, அந்தப் பெருந்தன்மையைப் பாராட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரு நாள் உண்டு. ராஸ் நார்மன் என்று நியூசிலாந்துக்காரர் ஒருவர். பாராசூட்டில் குதித்து முட்டியைச் சிதைத்துக்கொண்டவர். அதிலிருந்து எழுந்து வந்து உலகின் இரண்டாம் ஆள் ஆனார். இரண்டாம் ஆளுக்கு என்ன வேலை? முதல் ஆளிடம் ஃபைனல் ஃபைனலாகத் தோற்பதுதான். நார்மனும் ஒழுங்காகத் தோற்றுக்கொண்டுவந்தார். ஆனால் என்றைக்காவது ஒரு நாள் ஜஹாங்கீர் இம்மியளவு அசருவார், அன்றைக்கு எதிரில் நான் இருப்பேன் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேதம் கிடையாது. சுற்றியிருந்தவர்கள் பாவம் என்று பார்த்திருப்பார்கள்.

1986 நவம்பர், பிரான்ஸின் துலூஸ் நகரம், உலக ஓப்பன் ஃபைனல். ஜஹாங்கீர் இம்மியளவு அசந்தார். நார்மன் எதிரில் இருந்தார். 9–5, 9–7, 7–9, 9–1. இதைத் திறமை என்பதா, விடாப்பிடி என்பதா? நான் வருகைப்பதிவு என்பேன். எத்தனையோ திறமைசாலிகள் அந்த ஐந்தரை வருஷத்தில் நம்பிக்கை இழந்து காலிறுதியிலேயே மூட்டையைக் கட்டினார்கள். நார்மன் மட்டும் தினமும் கடையைத் திறந்து வைத்தார்.

தோற்றவர் இடிந்துபோவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அடுத்த ஒன்பது மாதம் மறுபடி யாரிடமும் தோற்கவில்லை. பெரிய பாரம் இறங்கியிருக்கும். எனக்கு அதில் சந்தேகமில்லை.

நிஜமான வில்லன் அப்புறம்தான் வந்தான். எங்கிருந்து? வேறெங்கிருந்து, நவாக்கிலியிலிருந்துதான். ஜான்ஷெர் கான், பதினெட்டு வயது, இவரைவிட ஒல்லி. அதிரடி ஷாட் எதுவும் தனியாகக் கிடையாது. எதை அடித்தாலும் திருப்பிப் போடுவான். நாம் வெறுத்துப்போய் ஏதாவது விபரீதமாக அடித்து, பந்து முன்சுவரின் அடியில் இருக்கும் தகரத்தில் மோதும் வரை போட்டுக்கொண்டே இருப்பான். ஜஹாங்கீர் மற்றவர்களுக்கு ஐந்தரை வருஷம் செய்ததை இவன் ஜஹாங்கீருக்கே செய்தான். 1987 செப்டம்பரில் ஹாங்காங்கில் மூன்று நேர் கேம்களில் முதல் வெற்றி. அடுத்து மோதிய எட்டு முறையும் ஜான்ஷெர்தான். அவாத்துக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்திருக்க வேண்டும்.

ஜஹாங்கீர் சும்மா இருப்பாரா? 1988இல் கணக்கைத் திருப்பினார், ஆம்ஸ்டர்டாமில் ஜான்ஷெரை ஜெயித்து ஆறாவது உலகப் பட்டம் வாங்கினார். பிரிட்டிஷ் ஓப்பனோ 1982 முதல் 1991 வரை பத்து வருஷம் தொடர்ந்து அவர் வீட்டில்தான் இருந்தது. ஜான்ஷெர் தன் பங்குக்கு எட்டு உலகப் பட்டமும் ஆறு பிரிட்டிஷ் ஓப்பனும் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மொத்தம் 37 முறை மோதினார்கள். ஜான்ஷெருக்கு 19 வெற்றி, ஜஹாங்கீருக்கு 18. ஆனால் கேம்களைக் கூட்டினால் ஜஹாங்கீர் முன்னால், புள்ளிகளைக் கூட்டினாலும் ஜஹாங்கீர் முன்னால். பெஷாவர் டீக்கடைகளுக்கு இன்னும் அரை நூற்றாண்டுக்குச் சண்டைக்குச் சரக்கு இருக்கிறது.

இரண்டு கான்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு ஜீவனைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆஸ்திரேலியாவின் கிறிஸ் டிட்மர். அருமையான இடது கைக்காரர். உலக ஓப்பன் ஃபைனலுக்கு ஐந்து முறை வந்தார். 1983இல் ஜஹாங்கீரிடம் தோற்றார். சரி, அவர் ஓயட்டும் என்று காத்திருந்தார். ஓய்வதற்குள் ஜான்ஷெர் வந்துவிட்டார். மீதி நாலும் ஜான்ஷெரிடம். வேறு எந்தக் காலத்தில் பிறந்திருந்தாலும் இரண்டு மூன்று கோப்பையாவது அலமாரியில் இருந்திருக்கும். அவர் ஜாதகத்தில் கான் தசை நடந்திருக்கிறது.

1993இல் கராச்சியில் உலக ஓப்பன் ஃபைனலில் ஜஹாங்கீர் ஜான்ஷெரிடம் தோற்றார். அதே ஊரில் உலக அணிக் கோப்பையைப் பாகிஸ்தானுக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு ராக்கெட்டை வைத்தார். வயது ஏறக்குறைய முப்பது. ஹாஷிம் அந்த வயதில் லண்டனைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் வர்ணனைக்குப் போவார்கள், அகாடமி வைப்பார்கள். ஜஹாங்கீர் அதைவிடக் கஷ்டமான வேலைக்குப் போனார். 2002இல் உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் தலைவர் ஆனார், 2008 வரை இருந்தார். முக்கியமான வேலை, ஸ்குவாஷை ஒலிம்பிக்கில் சேர்க்கச் சொல்லிக் கதவு கதவாகத் தட்டுவது. 2005இல் சிங்கப்பூரில் ஒலிம்பிக் கமிட்டி கூடியது. ஸ்குவாஷும் கராத்தேயும் கடைசி வரை வந்தன. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்காமல் இரண்டும் வெளியே. ஐந்தரை வருஷம் உலகமே சேர்ந்து தோற்கடிக்க முடியாதவரைக் கோட்டு போட்ட கனவான்கள் ஒரு மதியத்தில் தோற்கடித்தார்கள். அந்த ஹாலில் ராக்கெட் எடுத்துவர அனுமதி இல்லை.

அப்புறம் கராத்தே டோக்கியோவில் உள்ளே போய் வெளியேயும் வந்துவிட்டது. பாரிஸில் பிரேக் டான்ஸ்கூட ஆடிவிட்டார்கள். ஸ்குவாஷுக்கு 2023இல்தான், மும்பையில் கூடிய கமிட்டியில், ஒருவழியாகச் சரி என்றார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உண்டு. அப்போது ஜஹாங்கீருக்கு வயது 64 இருக்கும். அவர் பாட்டுக்கு வந்து பார்வையாளர் வரிசையில் உட்காரட்டும். ஆசையாக வைல்டு கார்டு கேட்டால் மட்டும் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம். எதிரில் நிற்கப் போகிறவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.